ஆண்களின் பாலியல் நலமும் பொது உடல்நலமும் – வடசென்னைத் தொழிலாளர் வாழ்வை முன்வைத்து

ஆண்களின் பாலியல் நலம் என்பது நோயின்மையை மட்டும் குறிப்பதன்று. பாலுறவு சார்ந்த உடல், மனம், சமூக உறவு ஆகிய அனைத்தும் நல்ல நிலையில் இருப்பதையே உலக சுகாதார அமைப்பு பாலியல் நலம் என்கிறது. இதயம், நரம்பு, சுரப்பிகள், உறக்கம், மனநிலை ஆகியவற்றில் ஏற்படும் குறை பல நேரங்களில் முதலில் இங்கேதான் தெரியவரும். ஆகவே இக்குறைபாட்டை மறைப்பவர் உடல் தரும் முன்னெச்சரிக்கையையும் சேர்த்தே மறைக்கிறார். துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் உழைக்கும் ஆண்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

இரத்தக் குழாய்களின் எச்சரிக்கை

விறைப்பு இரத்த ஓட்டத்தால் நிகழ்வது. நரம்புத் தூண்டலால் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட, குழாய்ச் சுவரின் தசை தளர்ந்து இரத்தம் நிரம்புகிறது. இதய இரத்தக் குழாய் மண்டலத்தில் நைட்ரிக் ஆக்சைடின் பணியைக் கண்டறிந்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோர் 1998இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

ஆணுறுப்புத் தமனியின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மி.மீ.; இதயத் தமனியின் விட்டம் 3 முதல் 4 மி.மீ. கொழுப்பு இரண்டிலும் படிந்தாலும், பாதிப்பு சிறிய குழாயில் முன்னதாகத் தெரியும். அதனால்தான் நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைபாடு தோன்றக்கூடும். நீரிழிவு, குழாயையும் நரம்பையும் ஒருசேரப் பாதிக்கிறது. பீடி, சிகரெட், மிகுந்த மது, உயர் இரத்த அழுத்தம் ஆகியவையும் இதே பாதிப்பைத் தருபவை.

வேலையும் உறக்கமும்

துறைமுகம், ஆலை, கன்டெய்னர் லாரி, காசிமேட்டு விசைப்படகு என இங்குள்ள பல வேலைகளுக்கு இரவு பகல் கிடையாது. ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் பெரிதும் உறக்கத்தில்தான் சுரக்கிறது. 2011இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், ஒரு வாரம் நாளுக்கு 5 மணிநேரமே உறங்கிய இளைஞர்களிடம் இதன் பகல்நேர அளவு 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. விதைப்பைகள் உடல் வெப்பத்தைவிடச் சற்றுக் குறைந்த வெப்பத்தில் இயங்குபவை. ஆகவே உலை, கொதிகலன் முதலியவற்றின் அருகில் நீண்ட நேரம் நிற்பதும், ஈயத் தூசும் விந்தணுக்களைப் பாதிக்கலாம்.

மனமும் தயக்கமும்

கடன், வேலை நிச்சயமின்மை, மனச்சோர்வு ஆகியவை நாட்டத்தைக் குறைக்கும். அதைத் தோல்வியாக எண்ணிக் குமைவதால் குறை மேலும் வளரும். இளைஞரிடையே காணப்படும் மற்றோர் அச்சம், விந்து வெளியேறினால் உடல்வலு போய்விடும் என்பது. மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் இதற்குத் ‘தாது நோய்க்குறி’ எனப் பெயரிட்டார். தூக்கத்தில் விந்து வெளியேறுவது வளர்பருவத்தின் இயல்பு, அது நோயன்று.

சென்னைக்கு இவ்வகைத் தயக்கத்தைக் கடந்த அனுபவம் உண்டு. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வே இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதலில் கண்டறிந்தது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. 2000களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜா’ விளம்பரங்கள் ஆணுறையையும் பாலியல் நடத்தையையும் தெருவில் பேசுபொருளாக்கின. தொற்றைப் பற்றி வாய்திறக்கக் கற்றுக்கொண்ட நாம், விறைப்புக் குறைபாட்டைப் பற்றி இன்னும் பேசத் தயங்குகிறோம்.

போலி மருந்துகள்

தயக்கத்தால் வாழ்பவர்கள் போலி மருத்துவர்களே. பாலியல் ஆற்றலைப் பெருக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கிறது. ‘முற்றிலும் மூலிகை’ என விற்கப்பட்ட பொடிகளில் சில்டெனாஃபில் என்னும் மருந்து கலந்திருப்பது பல நாடுகளின் சோதனைகளில் தெரியவந்துள்ளது. நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துபவர் இதை உட்கொண்டால், இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பணம் மட்டுமன்று, இதய நோயைக் கண்டறிய வேண்டிய காலமும் இதில் வீணாகிறது.

என்ன செய்யலாம்?

குறை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கான அடிப்படைச் சோதனைகளை அரசு மருத்துவமனைகளில் செய்துகொள்ளலாம். இராயபுரம் அருகிலுள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் சிறுநீரகவியல், மனநலம் உள்ளிட்ட துறைகள் உள்ளன. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் அரசு மருத்துவமனைகளின் ‘நம்பிக்கை மையங்களில்’ இலவசம். விவரம் இரகசியமாகக் காக்கப்படும். பொது மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல உதவிக்கு 14416 ஆகிய எண்களில் பேசலாம்.

இரத்த அழுத்த மருந்துகளுள் சில விறைப்பைக் குறைக்கக்கூடும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பக்கவாதத்தில் முடியலாம். மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார். புகையை விடுவது, நாள்தோறும் நடப்பது, போதிய உறக்கம் ஆகியவை இதயத்துக்கும் இல்லற வாழ்வுக்கும் ஒருசேர நன்மை தருபவை. “இதையெல்லாம் எப்படிக் கேட்பது?” என்று கூச வேண்டியதில்லை. மருத்துவருக்கு இது அன்றாடம் கேட்கும் செய்தி. வெளிநோயாளர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்கு இப்படி ஒரு சிரமம் இருக்கிறது” என்று சொன்னாலே போதும். மற்றதை அவரே கேட்டறிவார்.