வேகத்தைக் குறை, செட் பேசும்!

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டு மாடி அறைக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டது! செருப்பை வாசலில் விட்டுவிட்டு நீங்களும் என்னோடு வாருங்கள். காலைப் பார்த்து வையுங்கள், தரையெல்லாம் வயர். மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து தடித்த கறுப்புக் கேபிள் ஒன்று ஜன்னல் கம்பி வழியாக இறங்குகிறது. மேசையில் சால்டரிங் அயர்ன், பவர் சப்ளை, வயிறு திறந்து கிடக்கும் ஸ்பீக்கர், காலி டபரா டம்ளர், ரப்பர் பேண்ட் போட்ட ஃபிளாப்பிக் கட்டு. கட்டின் மேல் பேனாவால் கொட்டை எழுத்தில் ‘தொடாதே’.

அறைக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பொறியாளர், ஹாம் ரேடியோ எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்கான உரிமம் உள்ளவர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. பக்கத்தில் வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பவர் ஒரு கல்லூரி மாணவர், அவரும் ஹாம். ஃபேன் ஓடவில்லை. அதன் ரெகுலேட்டர் ரிசீவரில் கொர்ரென்று இரைச்சலைக் கிளப்புகிறதாம். மே மாதத்துச் சென்னையில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு வேலையைச் செய்கிறார்கள் என்றால் அதன் மேல் எத்தனை ஆசை இருக்க வேண்டும்!

வேலை இதுதான். மேசை நடுவில் இரண்டு மோட்டோரோலா ஜிபி300 வாக்கி டாக்கிகள். 1990களில் காவலர்களும் தொழிற்சாலைக்காரர்களும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த ரகம். எடுத்துப் பார்க்கலாமா என்றேன். கையில் வைத்தார் சார். அடேயப்பா, என்ன கனம்! மேலே இரண்டு திருகு, பக்கவாட்டில் பேசுவதற்கான பட்டன். எண் பலகை கிடையாது. எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் அடித்துத்தான் உள்ளே ஏற்ற வேண்டும். அதற்கான மென்பொருள் டாஸ் காலத்தது. அந்தக் காலத்திலேயே முறையாக வாங்கி, இத்தனை ஆண்டுகளாகக் கட்டிக் காத்து வைத்திருக்கிறார் சார்.

ஃபிளாப்பியிலிருந்து பிரதியெடுத்த கோப்பை மாணவர் தன் புது லேப்டாப்பில் இரண்டு தட்டு தட்டினார். இந்த நிரல் இங்கே இயங்காது என்று ஒரு பெட்டி முளைத்தது. சார் கைதட்டிச் சிரித்தார். “பார்த்தியா? இதுக்குத்தான் காத்திருந்தேன்!” 64 பிட் விண்டோஸுக்கு இது மாதிரி 16 பிட் டாஸ் நிரல்களை ஓட்டத் தெரியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினானாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

இங்கேதான் எனக்குப் புல்லரித்தது. மாணவர் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்தார். பழைய டாஸ் விளையாட்டுகளை ஆடுவதற்காக உருவாக்கப்பட்டது அது. லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பழங்காலக் கம்ப்யூட்டர் எழுந்து நின்றது! நீலத் திரை, கட்டம் கட்டமாக மெனு, மவுஸுக்கு வேலையே இல்லை. நிரல் திறந்துவிட்டது. ஆனால் கேபிளில் இணைத்திருந்த வாக்கி டாக்கி செட்டைப் படிக்கச் சொன்னால் பிழைச்செய்தி.

“ஓடறது வேகமா ஓடுதுப்பா. குறை” என்றார் சார்.

கன்ட்ரோல் விசையோடு எஃப்11. மறுபடி. இன்னும் ஒரு தடவை. ஒவ்வொரு அமுக்கலுக்கும் திரை கொஞ்சம் சோம்பலானது. கடைசியில் ஒவ்வொரு வரியாக ஊர்ந்து வந்தது. காரணத்தை சார் சுருக்கமாகச் சொன்னார்: அந்தக் கால நிரல்கள் சிலவற்றில் ‘கொஞ்சம் பொறு’ என்பதையே பிராசஸரின் ஓட்டத்தை வைத்துத்தான் கணக்கிட்டிருப்பார்கள். பிராசஸர் பறந்தால் அந்தப் பொறுமையும் காணாமல் போகும். செட் பதில் சொல்லி முடிப்பதற்குள் நிரல் நடையைக் கட்டிவிடும். ஆக, வாங்கிய வேகத்தை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, மாட்டுவண்டிக்குப் பின்னால் போகும் கார் மாதிரி இந்த லேப்டாப் நகர வேண்டும்.

வேகம் சரி, படிக்க இன்னும் முடியவில்லை. கேபிளில் சந்தேகம். இன்றைய லேப்டாப்பில் சீரியல் போர்ட் இல்லை, யுஎஸ்பி மாற்றி ஒன்று வேண்டும். மலிவு மாற்றிகளுக்குள் போலி சிப் இருந்தால் டிரைவர் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். மாணவர் டிராயரைக் குடைந்து வேறொன்றை எடுத்துச் செருகினார். அடுத்து ‘ரிப்’ என்று இவர்கள் செல்லமாகக் கூப்பிடும் சின்னப் பெட்டி. சீரியல் போர்ட்டின் மின்னழுத்தம் வேறு, செட்டுக்குள் ஓடும் 5 வோல்ட் வேறு. இரண்டுக்கும் நடுவில் நின்று சமாதானம் பண்ணுவது இந்தப் பெட்டிதான். அதற்குள் ஒரு 9 வோல்ட் பேட்டரி. சார் அதை மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்தார். செத்துப்போயிருந்தது!

கடைக்கு ஓடவா என்று மாணவர் எழுந்தார். சார் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கையிலிருந்த மல்டிமீட்டரையே திருப்பி, பின்பக்கத் திருகைக் கழற்றி, அதன் பேட்டரியைப் பிடுங்கி ரிப் பெட்டிக்குள் வைத்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இந்த முறை செட்டின் உள்ளடக்கம் திரையில் வந்து நின்றது. “உடனே எழுதிடாதே. முதல்ல சேமி” என்று அதட்டினார் சார். செட்டுக்குள் ஏற்கெனவே இருந்ததை ஒரு கோப்பாகப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் மேலே கை வைப்பார்கள். வேலையில் எது சொதப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமே!

அடுத்தது அலைவரிசை. இந்தியாவில் ஹாம்களுக்கு இந்த அலைவரிசைப் பகுதியில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை இடம். இந்த செட்டோ 146க்கு மேல் என்று விற்கப்பட்டது. 145.500 என்று அடித்ததும் நிரல் மறுத்தது. சார் கண்ணைச் சிமிட்டி, ஷிப்ட் விசையை அழுத்தியபடி அதே எண்களை அடிக்கச் சொன்னார். ஏற்றுக்கொண்டது! உலகெங்கும் ஹாம்கள் காதோடு காதாகக் கடத்திவந்த வித்தை இது.

எழுதும் கட்டம். யாரும் மேசையைத் தொடவில்லை. பாதியில் கேபிள் அசைந்தால் செட் ஊமையாகிவிடலாம். மாணவரின் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி தொங்குகிறது, அதைக்கூடத் துடைக்கவில்லை. பீப்!

இரண்டாவது செட்டும் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு சாரின் மனைவி, மாமி, மொட்டைமாடிக்குப் போனார். மாமிக்கும் உரிமம் உண்டு, தேர்வு எழுதி வாங்கியது. சில நொடிகளில் எங்கள் செட்டிலிருந்து கணீரென்று குரல். முறைப்படி தன் அழைப்புக்குறியைச் சொன்னார், பிறகு: “சத்தம் சுத்தமா இருக்கு. கீழே காபி ஆறிண்டிருக்கு, ஓவர்.” மாணவர் எழுந்து குதித்தே விட்டார்.

காபி குடித்தபோது சார் 2004 டிசம்பரைப் பற்றிப் பேசினார். பாரதி பிரசாத் என்ற ஹாமின் தலைமையில் ஹாம்கள் அந்தமானில் வானொலி முகாம் போட்டிருந்த நேரம் அது. 26ஆம் தேதி சுனாமி அடித்ததும் அதே கருவிகளை வைத்துத்தான் போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார்கள். பழைய செட்டை ஓட வைக்க இவர்கள் இவ்வளவு பாடுபடுவது எதற்கு என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

உங்கள் அலுவலகப் பரணில் இப்படி ஒரு செட் கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள், உரிமம் பெற்ற ஹாம் ஒருவரைத் தேடிப் பிடித்துக் காட்டுங்கள். நீங்களே பேச ஆசையா? மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதுங்கள். 12 வயது நிரம்பியிருந்தால் போதும்.