ஆட்டிசம்: பிள்ளையின் பாசமும் பராமரிப்பவரின் உரிமையும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பாசம் இருக்காது என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது தவறு. முன்பின் தெரியாதவரைவிடத் தாயையே இப்பிள்ளைகள் நாடுகிறார்கள் என்பதை 1980-களிலேயே உளவியல் ஆய்வுகள் காட்டிவிட்டன. பாசம் வெளிப்படும் விதம்தான் வேறு. ஒரு பிள்ளை முகத்தைப் பார்க்காது. ஆனால் முதுகைச் சாய்த்து அம்மாவின் மடியோடு ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று வாய் திறக்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், பிஸ்கட் டப்பாவின் மேல் அந்தக் கையை வைக்கும். இவளிடம் போனால் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

தாயின் பாராமுகமே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் போன்றோர் ஒரு காலத்தில் பரப்பினார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-ல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். ஆனாலும் "நீ சரியா கவனிக்கலை" என்ற பேச்சைத் தாய்மார்கள் இன்றும் கேட்கிறார்கள். பழியைப் பிள்ளைமேல் போடுவதும் சரியல்ல. பிறர் மனதைப் புரிந்துகொள்வதில் உள்ள குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என இரு தரப்பிலும் உண்டு என்று 2012-ல் எழுதிய டேமியன் மில்டன், தாமே ஆட்டிசம் உள்ளவர்.

பராமரிப்பவரின் இரவுத் தூக்கம் மாதக்கணக்கில் கெட்டால் எவ்வளவு அன்பானவருக்கும் பொறுமை வற்றும். பிள்ளையின் அழுகை அடமாகத் தெரியும், அடிக்கக் கை எழும். "குணமாக்குகிறோம்" என்போரிடம் குடும்பம் பணத்தை இழப்பதும் இந்தச் சோர்வில்தான். உதாரணமாக, ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே ஏற்க மறுத்துவிட்டது.

இந்தச் சுமையில் சட்டமும் துணை நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, சம்பளமின்றிப் பார்த்துக்கொள்ளும் பெற்றோரையும் பராமரிப்பாளர் என்றே வரையறுக்கிறது. அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டத்தையும் பேசுகிறது. உதவிகளைப் பெற, முதலில் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க வேண்டும். நிரமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும். பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப் பாதுகாவலராகத் தொடர முடியாது. தேவைப்பட்டால், 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பலர் இதை வங்கியில் பாதுகாவலர் சான்று கேட்கும்போதுதான் அறிகிறார்கள். பிள்ளையை யாரேனும் துன்புறுத்தினால் 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 7-ம் பிரிவின்கீழ் நிர்வாக நடுவரிடம் புகார் தரலாம். பராமரிப்பவரே மனமுடைந்தால் 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணை இரவிலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.