நூறு வயது காருக்குப் புது பெயின்ட்: மதிப்பு கூடுமா, குறையுமா?

சமூக ஊடகத்தில் இந்த மாதிரி வீடியோக்களை நிச்சயம் பார்த்திருப்பீங்க. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய கார். யாரோ வந்து உரசுகிறார், தட்டுகிறார், பெயின்ட் அடிக்கிறார். பத்தே நிமிடத்தில் கார் கண்ணாடி போலப் பளபளக்கிறது.

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழைய கார்களை வாங்கி விற்பவர்களில் பலர் அந்த வீடியோவைப் பதற்றத்தோடுதான் பார்ப்பார்கள். உரசி எறியப்பட்ட அந்தப் பழைய பெயின்ட், சில நேரங்களில் அந்தக் காரின் மிக மதிப்புள்ள பகுதியாகக்கூட இருந்திருக்கலாம்.

அது எப்படி? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கக் கார்கள் எப்படிப் புதுப்பிக்கப்படுகின்றன, எப்படி விற்கப்படுகின்றன என்று பார்ப்போம்.

'விண்டேஜ்' என்றால் எவ்வளவு பழசு?

பழைய கார் எல்லாமே 'விண்டேஜ்' இல்லை. பிரிட்டனில் வழக்கமாக இப்படிப் பிரிக்கிறார்கள்:

- வெட்டரன்: 1904ஆம் ஆண்டு முடிவதற்குள் தயாரானவை. ஆண்டுதோறும் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குச் செல்லும் புகழ்பெற்ற ஓட்டத்தில் பங்கேற்பவை இவைதான்.
- எட்வர்டியன்: 1905 முதல் 1918 வரை.
- விண்டேஜ்: 1919 முதல் 1930 வரை.

சிங்கப்பூரில் அளவுகோல் வேறு. 1940 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் தயாரான வாகனங்களே இங்கு விண்டேஜ் வகையில் சேரும். அவற்றைத் தினமும் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு.

10 ஆண்டு ஆனதும் சிஓஇ-யைப் புதுப்பிப்பதா, ஸ்கிராப்புக்கு அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு தொடங்கும் ஊர் இது. நூறு வயது கார் இங்கே அதிசயமாகத் தெரிவதில் வியப்பில்லை.

உதாரணத்துக்கு ஒரு கார்: ஃபோர்டு மாடல் டி

இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள எளிதான கார் ஃபோர்டு மாடல் டி. 1908 முதல் 1927 வரை 15 மில்லியனுக்கும் மேல் தயாரானது. 1913இல் ஹென்றி ஃபோர்டின் ஆலையில் நகரும் உற்பத்தி வரிசை வந்தது. அதுவரை ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்க ஏறத்தாழ 12 மணி நேரம் பிடித்தது. அதன் பிறகு அது சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது.

விலையும் சரிந்தது. 800 டாலருக்கும் மேல் விற்ற கார், 1920களின் நடுப்பகுதியில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. சாதாரணக் குடும்பங்களும் கார் வாங்கத் தொடங்கின.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கார் பெருகினால் டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் வேகமாகப் பரவியதற்கு அந்தத் தேவை முக்கியக் காரணம். அந்தத் தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் சீவப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா பாட்டியும் அவர்களில் இருந்திருக்கலாம்.

ஃபோர்டு நிறுவனம் 1926இல் சிங்கப்பூரில் மலாயாக் கிளையைத் தொடங்கியது. பிறகு புக்கிட் தீமாவில் அது கட்டிய தொழிற்சாலையில்தான் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜப்பானிடம் சரணடைந்தது.

வேலை எங்கே தொடங்குகிறது?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கேமராவை எடுக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் முதலில் ஒவ்வொரு பாகத்தையும் படம் பிடிப்பார்கள், அளப்பார்கள், சீட்டு கட்டி வைப்பார்கள். கழற்றிய இரண்டே மாதத்தில் எந்தத் திருகாணி எங்கே இருந்தது என்பது மறந்துபோகும்.

அடுத்தது மரம். ஆமாம், மரம்! அந்தக் காலக் கார்கள் பலவற்றின் உடல் மரச்சட்டத்தின் மீது உலோகத் தகடு போர்த்திச் செய்யப்பட்டது. பிரிட்டனில் இதற்குப் பெரும்பாலும் ஆஷ் மரம். வெளித்தகடு நன்றாக இருந்தாலும் உள்ளே மரம் உளுத்துப்போயிருக்கலாம். அதனால் இந்த ஒர்க்‌ஷாப்புகளில் மெக்கானிக்குகளோடு தச்சர்களும் இருப்பார்கள்.

எஞ்சினிலும் பழைய கைத்தொழில் தேவைப்படுகிறது. இன்றைய காரில் பேரிங் தேய்ந்தால் கடையில் வாங்கி மாற்றிவிடலாம். மாடல் டி எஞ்சினில் 'பேபிட்' எனப்படும் மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றி, ஆறிய பிறகு துல்லியமாகக் கடைய வேண்டும். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் இப்போது அதிகம் இல்லை.

சரி, பெயின்ட் விஷயத்துக்கு வருவோம்

மாடல் டி என்றாலே கறுப்பு நிறம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உண்மையில் 1914 முதல் 1925 வரைதான் அது கறுப்பில் மட்டுமே வந்தது. கறுப்பு எனாமல் மலிவு, நீடித்தும் உழைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பச்சை, சிவப்பு, சாம்பல், நீலம் ஆகிய நிறங்களில் கார்கள் வந்தன. கடைசி ஆண்டுகளில் நிறங்கள் திரும்பி வந்தன.

அப்போ 1910ஆம் ஆண்டு மாடல் டி ஒன்றுக்கு அழகாகக் கறுப்பு பெயின்ட் அடித்தால்? பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். விவரம் தெரிந்தவர் பார்த்தவுடனே கேட்பார்: "இது எப்படிக் கறுப்பாச்சு?"

டயரிலும் இதே கதைதான். தொடக்ககால டயர்கள் வெளிர் நிறத்தில் இருந்தன. கார்பன் கறுப்பு சேர்த்தால் ரப்பர் நீண்ட நாள் தேயாது என்பது தெரிந்த பிறகே டயர்கள் கறுப்பாயின.

பெயின்ட் அடித்த முறையும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும்:

- குதிரை வண்டிக் காலத்து முறை: பிரஷ்ஷால் எண்ணெய்ப் பெயின்டும் வார்னிஷும் பல அடுக்குகள் பூசுவார்கள். ஒவ்வோர் அடுக்கும் காய வேண்டும், தேய்க்க வேண்டும். ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும்.
- ஃபோர்டு முறை: பல பாகங்களைப் பெயின்டில் முக்கினார்கள். காரின் உடல்மீது குழாய் வழியாகப் பெயின்டை வழியவிட்டார்கள். பிறகு சூட்டில் காயவைத்தார்கள்.
- 1920களின் புதுமை: டூபான்ட் நிறுவனத்தின் 'டூக்கோ' லேக்கர் வந்தது. வாரக்கணக்கில் எடுத்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை முதலில் ஓக்லண்ட் கார்களில் நீல நிறத்தில் பயன்படுத்தியது.

இன்றைய பெயின்ட் கடையில் கிடைக்கும் பளபளப்பு இந்த மூன்று முறையிலும் வராது. அதனால்தான் நூறு வயது கார் நேற்று ஷோரூமிலிருந்து வந்ததுபோல மின்னினால், 'அளவுக்கு மீறிப் புதுப்பித்துவிட்டார்கள்' என்று ஆர்வலர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

அசல் நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணில் அதிகம் படாத ஒரு சிறிய இடத்தை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் தேய்ப்பார்கள். மரத்தின் வளையங்கள்போல ஒவ்வோர் அடுக்கும் ஒரு வட்டமாகத் தெரியும். மேலே 1970களின் வெள்ளை, அடியில் ஏதோ ஒரு சிவப்பு, அதற்கும் அடியில் ஆலையில் பூசிய பச்சை. பெயர்த் தகட்டின் பின்புறம், இருக்கைக்கு அடிப்பகுதி போன்ற வெயில் படாத இடங்களிலும் பழைய நிறம் தப்பித்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும். பழைய பிரேக் பாகங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இன்றைய இரட்டைக் கலவைப் பெயின்டுகள் பலவற்றில் ஐசோசயனேட் உண்டு. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் ஸ்பிரே அடித்தால் அது ஆஸ்துமாவை உண்டாக்கலாம். வீடியோவில் வெறும் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு செய்பவரைப் பார்த்து அப்படியே செய்யாதீங்க.

பழசை அப்படியே விடுவதா, புதுப்பிப்பதா?

இதில்தான் பெரிய விவாதம். ஒரு காரை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். ஆனால் ஆலையிலிருந்து வந்த மேல்பூச்சை ஒருமுறை உரசிவிட்டால் அது போனது போனதுதான். எத்தனை பணம் கொடுத்தாலும் திரும்ப வராது.

பழங்கால வாகனங்களுக்கான அனைத்துலகச் சம்மேளனமான ஃபிவா, 2012இல் 'டுரின் சாசனம்' என்ற வழிகாட்டியை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சிந்தனையை அது கார்களுக்குக் கொண்டுவந்தது. முடிந்தவரை அசலைக் காப்பாற்றுங்கள், தேவையான அளவு மட்டும் மாற்றுங்கள், செய்த மாற்றத்தை எழுதி வையுங்கள், புதிய பாகத்தை அடையாளம் காணும்படி வையுங்கள் என்கிறது அது.

அமெரிக்காவின் பெபிள் பீச் கார் கண்காட்சி பளபளப்புக்குப் பெயர்போனது. இப்போது அங்கேயே, புதுப்பிக்காமல் பாதுகாக்கப்பட்ட கார்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

அதற்காகத் துருப்பிடித்த எல்லாக் காரையும் தொடக்கூடாது என்று அர்த்தம் இல்லை. மரம் உளுத்து, தகடு ஓட்டையாகி, பெயின்டே மிஞ்சாத காரைப் புதுப்பித்தால்தான் அது பிழைக்கும். எதைக் காப்பாற்ற முடியும், எதை முடியாது என்று முதலில் பார்த்து முடிவெடுப்பதுதான் கைதேர்ந்தவர்களின் வேலை.

விற்கும்போது என்ன கேட்பார்கள்?

2024இல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 1903ஆம் ஆண்டு மெர்சிடிஸ் சிம்ப்ளெக்ஸ் கார் ஒன்று 12.1 மில்லியன் டாலருக்கு விற்றது. புதிதாக வாங்கிய நாளிலிருந்து அது ஒரே குடும்பத்திடம் இருந்தது. அது எங்கே இருந்தது, யார் வைத்திருந்தார் என்பதில் இடைவெளியே இல்லை.

மறுபக்கம் 1990இல் லண்டன் நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு. 'ஓல்ட் நம்பர் ஒன்' எனும் பென்ட்லி கார், 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் வென்றது. பிறகு பலமுறை மாற்றப்பட்டது. எஞ்சின் மாறியது, 1932இல் பெரிய விபத்தில் சிக்கியது, உடல் மாறியது. அதை 10 மில்லியன் பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட தரப்பு பின்வாங்கியது. பந்தயத்தில் வென்ற கார் இதுவல்ல, அதன் பாகங்கள் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை என்பது அதன் வாதம்.

நீதிபதி என்ன சொன்னார் தெரியுமா? பாகங்கள் மாறியது உண்மைதான். ஆனால் கார் ஒருபோதும் காணாமல் போய்த் திரும்ப உருவாக்கப்படவில்லை. அதன் வரலாறு அறுபடாமல் தொடர்ந்தது. எனவே அது 'ஓல்ட் நம்பர் ஒன்'தான் என்று தீர்ப்பளித்தார்.

இரண்டு கார்களிலும் விலையைத் தாங்கிப் பிடித்தது அறுபடாத வரலாறு. அதனால் வாங்குபவர் பார்க்க வேண்டியவை:

- அடிச்சட்ட எண், எஞ்சின் எண்: ஆவணத்தில் உள்ளதோடு பொருந்துகின்றனவா?
- பழைய பதிவுப் புத்தகம், ரசீதுகள், புகைப்படங்கள்: இடையில் ஆண்டுகள் விடுபட்டுள்ளனவா?
- புதுப்பித்தபோது எடுத்த படங்கள்: பெயின்டுக்கு அடியில் என்ன இருந்தது?
- காந்தச் சோதனை: இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டாத இடத்தில் அடியில் பட்டி பூசி மறைத்திருக்கலாம்.
- விற்பவரின் சொல்: 'அசல்', 'புதுப்பிக்கப்பட்டது', 'பிரதி' மூன்றும் வேறு வேறு. எது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

லாபம் உண்டா?

பழசு என்றாலே கோடிக்கணக்கில் விலை என்று நினைக்க வேண்டாம். மாடல் டி மிக அதிகமாகத் தயாரான கார். ஓடும் நிலையில் உள்ள பல மாடல் டி கார்கள், அமெரிக்காவில் ஒரு சாதாரணப் புதிய காரைவிடக் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. முழுமையாகப் புதுப்பிக்க ஆகும் செலவு பல நேரங்களில் விற்பனை விலையைத் தாண்டிவிடும். தச்சர், பெயின்டர், மெக்கானிக் எல்லாருக்கும் கூலி கொடுத்தால் கையில் என்ன மிஞ்சும்? அதனால்தான் பலர் இதைக் காதலுக்காகச் செய்கிறார்கள். தொழிலாகச் செய்பவர்கள், எந்தக் காரில் எவ்வளவு வேலை செய்தால் போதும் என்று கணக்குப் போட்டே இறங்குகிறார்கள்.

விண்டேஜ் கார் நம்மில் பலருக்குக் கைக்கெட்டாத விஷயம்தான். ஆனால் வீட்டில் தாத்தாவின் சைக்கிளோ, பாட்டியின் தையல் மெஷினோ மூலையில் இருக்கலாம். உப்புத்தாளை எடுக்கும் முன், இருக்கிற நிலையிலேயே நாலா பக்கமும் படம் எடுத்து வையுங்க. யார், எப்போது, எங்கே வாங்கினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்க. பழைய ரசீது கிடைத்தால் தூக்கிப் போடாதீங்க. பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். அதைச் சொல்லக்கூடியவர்கள் எப்போதும் இருக்க மாட்டார்கள்.