மறந்துபோன பீப்பாய்

வற்றல் போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பண்டம் உலரும்போது அதிலுள்ள நீர்தான் போகும், ருசி போகாது. நீர் வற்ற வற்ற ருசி இறுகிக் கனத்துக்கொண்டே வரும். இந்தச் சமையலறை ரகசியத்தைக் கொண்டே இத்தாலி தேசத்தில் ஒரு குன்றுப் பிரதேசம் உலகப் பிரசித்தி பெற்றிருக்கிறது.

ரோமியோவும் ஜூலியட்டும் காதலித்ததாக ஷேக்ஸ்பியர் எழுதினாரே, அந்த வெரோனா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வால்போலிச்செல்லா. அங்கே தயாராகும் சிவப்பு ஒயினுக்கு 'அமரோனே' என்று பெயர். "குடும்பப் பத்திரிகையில் மது சமாசாரமா?" என்று புருவத்தை நெரிக்க வேண்டாம். ஒன்றைத் தெரிந்துகொள்ள அதைக் குடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மேலும், இந்தக் கதையில் பாதி நடப்பது வீட்டுப் பரணில்!

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அங்கே திராட்சை அறுவடை. கோர்வினா, கோர்வினோனே, ரொண்டினெல்லா என்று அந்த மண்ணுக்கே உரிய கறுப்பு ஜாதிகள். எல்லாக் குலைகளும் இதற்கு உதவா. மணிகள் நெருக்கியடிக்காமல், காற்றுப் புக இடம் விட்டு, காயம் படாமல் இருக்கும் குலைகளையே கையால் பொறுக்கி எடுக்கிறார்கள். அவற்றைப் பரணுக்குக் கொண்டுபோய், நாணல் தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்புகிறார்கள். இந்தத் தட்டுகளுக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. ஒரு காலத்தில் அப்பகுதிக் குடியானவர்கள் பட்டுப்புழு வளர்த்தார்கள். வசந்தத்தில் புழு படுத்திருந்த தட்டிலேயே இலையுதிர் காலத்தில் திராட்சை படுத்துக்கொண்டது!

நம் வற்றலுக்குக் கொளுத்தும் வெயில் வேண்டும். அங்கேயோ நிழலும் காற்றும்தான். அதனால் இரண்டு நாளில் முடிகிற வேலையல்ல; மூன்று நான்கு மாதங்கள் ஆகும். அதற்குள் பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும், காற்றோடு போய்விடும்.

அந்த மாதங்களில் வீட்டாருக்கு நிம்மதி ஏது? ஒரு வருஷத்துப் பாடெல்லாம் பரணில் கிடக்கிறது. மூடுபனி இறங்கிப் பூஞ்சணம் பிடித்தால், ஒரு மணியிலிருந்து குலைக்கும், ஒரு குலையிலிருந்து தட்டுக்கும் பரவிவிடும். தெளிந்த நாளில் ஜன்னல்களைத் திறப்பதும், பனி நாளில் சாத்துவதும், கெட்டதைப் பொறுக்கி எறிவதுமாகவே பொழுது போகும். இப்போது மின்விசிறிகளும், ஈரத்தை இழுக்கும் இயந்திரங்களும் துணைக்கு வந்திருக்கின்றன. ஆனாலும் கவலை அடியோடு தீர்ந்தபாடில்லை.

சாதாரண ஒயினானால் 100 கிலோ திராட்சையிலிருந்து சுமார் 70 லிட்டர் கிடைக்கும். அமரோனேக்கு 40 லிட்டர் கிடைத்தால் அதிகம். விலை ஏன் உயரே நிற்கிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

உலர்ந்த திராட்சையில் மது செய்வது அங்கே புதிய வழக்கம் அல்ல. ஆறாம் நூற்றாண்டிலேயே, தியோடோரிக் மன்னனிடம் உத்தியோகம் பார்த்த கசியோடோரஸ் என்பவர், அரச விருந்துக்காக வெரோனாப் பக்கத்து ஒயினைத் தருவிக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆனால் அது இனிப்பு ஒயின். 'ரெச்சோட்டோ' என்று அந்த இனிப்பு வகை இன்றும் இருக்கிறது.

திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. அது பாதியில் ஓய்ந்துவிட்டால் இனிப்பு மிஞ்சும், அதுதான் ரெச்சோட்டோ. ஓயாமல் கடைசிவரை தின்று தீர்த்தால் இனிப்பு போய்விடும். அப்படி ஆகிவிட்ட பீப்பாயை, 'ரெச்சோட்டோ தப்பி ஓடிவிட்டது' என்று குடியானவர்கள் நொந்துகொள்வார்களாம்!

1936-ஆம் ஆண்டு நடந்ததாக அங்கே ஒரு கதை வழங்குகிறது. கூட்டுறவு மதுக்கிடங்கு ஒன்றின் மேற்பார்வையாளர் அடேலினோ லுக்கேஸே, மூலையில் மறந்துபோன ஒரு ரெச்சோட்டோ பீப்பாயைக் கண்டார். கெட்டுப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே ருசி பார்த்தார். இனிப்பு துளியும் இல்லை. ஆனால் என்ன மணம், என்ன கம்பீரம்! 'அமரோ' என்றால் இத்தாலிய மொழியில் கசப்பு. "இது வெறும் கசப்பல்ல, பெருங்கசப்பு!" என்ற பொருளில் 'அமரோனே' என்று வியந்தாராம். பெயர் நிலைத்துவிட்டது. 1968-இல் அரசாங்கம் இதற்குச் சட்டபூர்வமான அங்கீகாரம் தந்தது. 2010-இல் மிக உயர்ந்த தரவரிசையிலும் இடம் கிடைத்தது.

இதை ரசிப்பதற்கும் ஒரு முறை உண்டு. குறைந்தது இரண்டு வருஷமாவது முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வரும். பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே புட்டியைத் திறந்து, அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். முகர்ந்தால் உலர்ந்த செர்ரியும் திராட்சையும் சாக்லேட்டும் மணக்கும். இனிக்கப் போகிறது என்று நாக்கு காத்திருக்க, முடிவில் மெல்லிய கசப்பு வந்து நிற்கும். அந்த ஏமாற்றம்தான் இதன் அழகு! சாராயச் சத்து நூற்றுக்கு 14-க்குக் குறையாது. பெரும்பாலும் 15, 16 கூட இருக்கும். ஆகவே மடக் மடக்கென்று குடிப்பதற்கல்ல. பழைய பாலாடைக் கட்டியோடு, சாப்பாடு முடிந்தபின் சிறு சிறு மிடறாக அருந்துவார்கள். 'தியானத்துக்கு உரிய ஒயின்' என்றே இத்தாலியர்கள் சொல்கிறார்கள். வெரோனாவில் இதை ஊற்றி அரிசிச் சோறும் சமைக்கிறார்கள்!

அன்று அந்த மனிதர் முகத்தைச் சுளித்துப் பீப்பாயைக் கவிழ்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பக்குவம் தவறிவிட்டது என்று ஒரு பண்டத்தைக் கொட்டப் போகும்போது, சகோதரிகளே, முதலில் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள்!