உங்களுக்குத் தெரியுமா?

தீபாவளி வாழ்த்து அட்டைகள்தான் ராபன் தீவுச் சிறையில் ஷேக்ஸ்பியரைக் காப்பாற்றின!

● தென்னாப்பிரிக்காவின் அந்தச் சிறையில் 1970களில் அடைபட்டிருந்தவர் இந்திய வம்சாவளிப் போராளி சன்னி வெங்கட்ரத்தினம். காவலர்கள் பறித்துவிடாதபடி, தன் ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் அட்டைமீது சாமிப் படம் போட்ட தீபாவளி வாழ்த்துகளை ஒட்டினார். "இது எங்கள் வேதநூல்" என்றார். காவலர்கள் விட்டுவிட்டார்கள்.

● புத்தகம் கைமாறிக் கைமாறிப் போனது. மனதைத் தொட்ட வரிகளுக்குப் பக்கத்தில் 30-க்கும் மேற்பட்ட கைதிகள் கையெழுத்திட்டார்கள்.

● நெல்சன் மண்டேலா தேர்ந்தெடுத்தது, 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் மரணத்துக்கு அஞ்சாமல் சீசர் பேசும் இடம். ஓரத்தில் அவர் எழுதிய தேதி: 16.12.77. அப்போது அவர் சிறைப்பட்டு 15 ஆண்டுகள் கடந்திருந்தன.

● சக கைதி வால்டர் சிசுலு கையெழுத்திட்டது, 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஷைலாக் தான் பொறுத்துக்கொண்ட அவமானங்களைச் சொல்லும் இடத்தில். நிறவெறியின் கீழ் வாழ்ந்தவருக்கு அது வேறு யாருடைய கதையும் அல்ல.

● 2012-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இந்தப் புத்தகம் காட்சிக்கு வைக்கப்பட்டது, அதே சாமிப் பட அட்டையோடு!