காலத்தில் விளைந்ததை அயலில் வாங்குவோம்

தோட்டமும் வயலும் வைத்திருந்த குடும்பத்திற்கு மரக்கறியைக் காசு கொடுத்து வாங்குவது ஒருகாலத்தில் கூச்சமான காரியம். பூசணி முற்றினால் ஒரு துண்டு அயல்வீட்டுக்குப் போகும். அங்கிருந்து ஒரு பிடி கீரை வரும். இடப்பெயர்வு இந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டது. 1990இல் வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களைக் கைவிட்டவர்களும், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு தென்மராட்சியை நோக்கி நடந்தவர்களும், 2009 வரை வன்னியில் ஊர் ஊராக அலைந்தவர்களும் இதை அறிவார்கள். திரும்பி வந்து கிணறு இறைத்தவர்கள் பலர். சொந்தக் காணியில் இன்னும் கால் வைக்காதவர்களும் உள்ளனர். அவர்களுக்குக் கூலிக்காசுதான் உலையை ஏற்றுகிறது. அந்தக் காசில் எதை, எந்த மாதத்தில், யாரிடம் வாங்குகிறோம் என்பது சிறிய கேள்வியன்று.

மாதத்துக்கு ஏற்ற சாப்பாடு

எமது மண் வருடம் முழுவதும் ஒன்றையே தருவதில்லை. தை, மாசியில் காலபோக நெல் அறுவடையாகிறது. வருடத்தில் நெல் மலிவது அப்போதுதான். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து களத்திலேயே நெல்லாக வாங்கி, அவித்துக் காயவைத்துக் குத்துவித்தால், கடையில் கிலோக் கணக்கில் அரிசி வாங்குவதிலும் பார்க்க மிச்சம் பிடிக்கலாம். இராசவள்ளி, மரவள்ளி, பனங்கிழங்கு என்பனவும் இக்காலத்தவையே. யாழ்ப்பாணத்து உருளைக்கிழங்கு மாசி, பங்குனியில் கிண்டப்படும்.

சித்திரை, வைகாசியில் நுங்கு. அதன் பின்னே கறுத்தக்கொழும்பானும் பலாப்பழமும். பலாக்கொட்டையை எறியாமல் கறிக்கு எடுத்துவைக்கும் வீட்டில் இன்னொரு நாள் கறிச்செலவு குறைகிறது. ஆடி பிறந்தால் கூழ். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம். அதன் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பினாட்டு, விதையைப் பாத்தியில் அடுக்கினால் தைமாதக் கிழங்கு.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. தோட்டத்துக் கத்தரியும் மிளகாயும் அழுகும். சந்தையில் விலை ஏறும். ஆனால் அதே மழையில் வேலியோரத்தில் முசுட்டையும் சாறணையும் வல்லாரையும் தழைக்கின்றன. விலை ஏறிய மரக்கறிக்காகக் கடன்படாமல், கீரையோடும் கோடையில் போட்டுவைத்த வற்றலோடும் அந்த மாதங்களைக் கடத்தியவர்கள் எம் பாட்டிமார். மலிந்த காலத்தில் காயவைப்பது, அரிதான காலத்தில் எடுத்துச் சமைப்பது என்பதே அவர்களுடைய வரவுசெலவுத் திட்டம்.

கீரையும் காயும் பிடுங்கியதிலிருந்தே வாடத் தொடங்குகின்றன. நாட்கள் செல்லச் செல்ல அவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி குறைகிறது. காலையில் பறித்து மதியம் சமைத்த கீரைக்கும், லொறியில் இரண்டு நாள் வெயில் கண்ட கீரைக்கும் பெயர் ஒன்று, பயன் ஒன்றல்ல. அயலவரிடம் வாங்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு: மருந்து அடித்து எத்தனை நாள் என்று முகம் பார்த்துக் கேட்கலாம்.

இடையில் போகும் காசு

ஒரு கமக்காரர் 50 கிலோ கத்தரிக்காயைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை கிலோ 100 ரூபா. பத்துக்கு ஒன்று கழிவு என்று 5 கிலோ கழிக்கப்பட்டால் அவர் கையில் வருவது 4,500 ரூபா. அதாவது கிலோவுக்கு 90. ஏற்றுக்கூலி வேறு. அதே கத்தரிக்காயை நாம் கடையில் 160 கொடுத்து வாங்குகிறோம். தோட்டத்து வாசலில் 120 ரூபாவுக்குக் கைமாறினால் விற்பவருக்கு 30 ரூபா கூட, வாங்குபவருக்கு 40 ரூபா மிச்சம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். விளைச்சல் குவியும்போது கமக்காரரின் அவசரத்தைப் பார்த்து அடிமாட்டு விலை கேட்பது நியாயமன்று. இறைக்கும் மண்ணெண்ணெய்க்கும் விதைக்கும் காணாத விலையில் விற்றவர் அடுத்த வருடம் அந்தப் பயிரை நடமாட்டார். இன்று வாங்குபவர் நாளை தம் காணிக்குத் திரும்பி விற்பவராகப் போகிறவர் என்பதை மறக்கலாகாது.

தூரத்தை நம்பினால்

1970 முதல் 1977 வரை வெங்காய, மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது எமது தோட்டங்கள் செழித்தன. அதன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது விலை விழுந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் யூரியாவும் எரிபொருளும் வராதபோது துலாவும் எருவும் பனங்கட்டியும் கைகொடுத்தன. அந்தக் கஷ்டத்தைப் புகழ வேண்டியதில்லை. அதனால் விளைச்சலும் குறைந்தது, உயிர்களும் வருந்தின. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. தூரத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை இவை காட்டுகின்றன.

செய்யக்கூடியவை

பத்துக் குடும்பங்கள் முறைபோட்டு, நாளுக்கு ஒருவர் காலையில் தோட்டத்துக்குச் சென்று எல்லாருக்கும் வாங்கிவரலாம். பத்து வீட்டு வாங்கல் நிச்சயம் என்று தெரிந்தால் கமக்காரரும் கீரையையும் பயற்றையும் இடைவெளிவிட்டு நடுவார். மாதர் சங்கங்கள் வாரத்தில் ஒருநாள் கொட்டில் ஒன்றில் தராசு வைத்து, கழிவு இல்லாமல் நிறுத்துக்கொடுக்கலாம். இரவற் காணியில் இருப்போர் மரம் நடக் காணிக்காரர் சம்மதிக்காமலிருக்கலாம். ஆயினும் நாலு வாரத்தில் பிடுங்கக்கூடிய முளைக்கீரைக்கு ஓர் உரப்பையும் சமையல் கழுவிய தண்ணீரும் போதும்.

விதையைக் கைவிடாதிருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். வாங்கிய பூசணியின் நல்ல விதையைச் சாம்பலில் புரட்டிப் போத்தலில் அடைத்துவையுங்கள். காணி விடுபடும் நாளில் முதலாவது பாத்திக்கு அது உதவும்.