வீட்டிலா, மருத்துவமனையிலா?

ஓர் அரசு மக்களின் உடல்நலத்துக்காகப் பெரும்பொருள் செலவிடுகிறது. மருத்துவமனை கட்டுகிறது, மருந்து வாங்குகிறது, செவிலியரை அமர்த்துகிறது, ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. இவற்றுள் எதற்கு முதலிடம், எதற்கு எவ்வளவு பணம் என்பதை யார் தீர்மானிப்பது? அமைச்சர்களும் அதிகாரிகளும் தீர்மானிக்கிறார்கள் என்று நீங்கள் விடை கூறலாம். அஃது உண்மையே. ஆனால் அவர்கள் எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள்? தீர்மானம் சரியானது என்பதற்குச் சான்று எங்கிருந்து வருகிறது? இக்கேள்விக்கு விடையாக, நம் சென்னை மாநகரில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் வரலாற்றை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். உலகெங்கும் மருத்துவர்கள் அறிந்த ஆராய்ச்சி அது. நம் மாணவர்களில் பலர் அதைக் கேள்விப்பட்டதில்லை.

எலும்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் நம் முன்னோர் பெயரிட்டு அஞ்சிய காசநோயைப் பற்றியது அந்த ஆராய்ச்சி. இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய 1943-ஆம் ஆண்டில் ஸர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பெற்றது. 1946-இல் வெளிவந்த அதன் அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அந்நோயால் மடிவதாகவும் மதிப்பிட்டது. அவர்களுக்கென மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகளோ ஏறத்தாழ ஆறாயிரமே. நீங்களே வகுத்துப் பாருங்கள். நானூறு நோயாளிகளுக்கு ஒரு படுக்கைகூட வரவில்லை.

படுக்கை அத்துணை இன்றியமையாததாகக் கருதப்பட்டது ஏன்? காசநோயை நேரடியாகத் தாக்கும் மருந்து இல்லாத காலத்தில், தூய காற்று, பூரண ஓய்வு, ஊட்டமிக்க உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சையாக இருந்தன. இவற்றை அளிப்பதற்கென்றே ஊருக்கு வெளியே மரநிழலில் நிறுவப்பட்ட மருத்துவமனைகளுக்குச் சானடோரியம் என்று பெயர். டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் அத்தகைய சானடோரியம் ஒன்றை நிறுவினார். சென்னையில் மின்சார ரயிலில் செல்வோர் இன்றும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையத்தைக் கடந்து செல்கிறார்கள். ஒரு சிகிச்சை முறையின் பெயரே ஓர் ஊரின் பெயராக நிலைத்துவிட்டது.

பின்னர் மருந்துகள் வந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பி.ஏ.எஸ். என்னும் மருந்து அதனை அடுத்து வந்தது. ஐசோனியாசிட் என்னும் மருந்தின் ஆற்றல் 1952-இல் உலகுக்குத் தெரிந்தது. ஐசோனியாசிட் விலை மலிந்தது. ஊசி வேண்டாது, வாயால் விழுங்கத்தக்கது. அப்போதுதான் முன்னொரு காலத்திலும் கேட்க முடியாத ஒரு கேள்வி எழுந்தது. இம்மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டால், நோயாளி தன் சொந்த வீட்டிலேயே, தான் உண்ணும் எளிய உணவையே உண்டு, குணமடைய முடியுமா?

இக்கேள்வியின் கனத்தை உணர்ந்துகொள்ளுங்கள். ‘முடியும்’ என்பது விடையானால், படுக்கைக்குக் காத்திருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு உடனே சிகிச்சை தொடங்கலாம். ‘முடியாது’ என்பது விடையாக இருந்து, அரசு அவசரப்பட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், குறை சிகிச்சையால் அவர்களும் மடிவர். ஒரே அறையில் உறங்கும் பிள்ளைகளுக்கும் நோய் பரவும். எவருடைய அனுபவத்தையோ சொல்லாற்றலையோ மட்டும் நம்பி முடிவு செய்யத்தக்க காரியமா இது?

ஆகவே விடையைத் தேடிக் காண்பதென்று முடிவாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் ஒன்றுகூடி, 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றை நிறுவின. பிரிட்டிஷ் மருத்துவரான டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்கக் காலப் பணியை வழிநடத்தினார். நகரத்து ஏழை மக்களிடையே நோய் உறுதிசெய்யப்பட்ட 193 பேர் ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும், மற்றப் பிரிவினருக்கு வீட்டிலும் சிகிச்சை. மருந்து இரு பிரிவினருக்கும் ஒன்றே: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஓராண்டுக் காலம்.

வகுப்பில் இதனைச் சொல்லிவரும்போது நான் இவ்விடத்தில் நிறுத்தி, “யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரைச் சானடோரியத்துக்கு அனுப்புவது? நீங்களே பிரித்துக் கொடுங்கள்” என்று கேட்பது வழக்கம். “நோய் முற்றியவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பலாம், ஐயா” என்று ஒரு மாணவன் எழுந்து சொல்வான். “வீட்டில் இடமில்லாதவர்களை அனுப்பலாம்” என்பாள் ஒரு மாணவி. இரண்டும் இரக்கமுள்ள நெஞ்சிலிருந்து வரும் விடைகளே. ஆயினும் அவ்வாறு பிரித்தால் ஆராய்ச்சி அங்கேயே கெட்டுவிடும். நோய் முற்றியவர்கள் அனைவரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால், முடிவில் காணும் வேறுபாடு இடத்தால் விளைந்ததா, நோயின் கடுமையால் விளைந்ததா என்று எவராலும் கூற முடியாது. எனவே ஒவ்வொருவரும் எந்தப் பிரிவில் சேர்வது என்பது, குலுக்கிப் போட்டுச் சீட்டு எடுப்பதைப் போல, மருத்துவரின் விருப்பமும் நோயாளியின் விருப்பமும் தலையிட முடியாத வகையில் முடிவு செய்யப்பட்டது. லண்டனில் 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆராய்ச்சியில் இம்முறை கையாளப்பட்டுப் புகழ்பெற்றிருந்தது.

“நோயாளியை வீட்டுக்கு அனுப்பிச் சோதிப்பது அறமாகுமா?” என்று கேட்கும் மாணவரும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வியே அது. படுக்கைகள் போதாத நாட்டில், அந்நோயாளிகளில் மிகப் பலர் சிகிச்சையே இன்றிக் காத்துக் கிடந்திருப்பர். இங்கோ அவர்களுக்கு நல்ல மருந்து கிடைத்தது. மார்பு எக்ஸ்ரே படமும் சளிப் பரிசோதனையும் மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டன. எது சிறந்தது என்பது உண்மையிலேயே தெரியாத நிலையில்தான் இத்தகைய சோதனைக்கு நியாயம் உண்டு. ஒரு முறை தாழ்ந்தது என்று தெரிந்தபின் அதில் மக்களை ஈடுபடுத்துவதற்கு நியாயமே இல்லை.

வீட்டுப் பிரிவினர் வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து பெற்றுச் சென்றனர். பெற்ற மருந்தை உண்டார்களா என்பதை எப்படி அறிவது? செவிலியர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, எஞ்சியிருந்த மருந்தை எண்ணினர்; சிறுநீரைச் சோதித்து மருந்தின் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தனர். அவர்கள் உண்ட உணவு, செய்த வேலை, கொண்ட ஓய்வு ஆகியவையும் கணக்கெடுக்கப்பட்டன. எதிர்பார்த்தவாறே, சானடோரியத்தில் இருந்தவர்கள் நல்ல உணவு உண்டார்கள், ஓய்வாகப் படுத்திருந்தார்கள், உடல் எடையும் அவர்களுக்கே மிகுதியாகக் கூடியது. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவு குறைவு, ஓய்வு குறைவு, உழைப்பு அதிகம்.

1959-இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டு முடிவில் சானடோரியப் பிரிவில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேருக்கு அடங்கியிருந்தது. இவ்வளவு வசதிக் குறைவுக்கிடையே வேறுபாடு இவ்வளவு சிறிதாக இருந்ததே வியப்பு. குணமடைந்தவர்களைத் தொடர்ந்து ஐந்தாண்டுக் காலம் கவனித்தபோதும், நோய் மீண்டும் தலைகாட்டியதில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. குடும்பத்தாரைப் பற்றிய அச்சம் என்னவாயிற்று? அவர்களையும் ஐந்தாண்டுகள் கவனித்து 1966-இல் வெளியிட்ட முடிவின்படி, நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெற்ற குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. நோய் கண்டுபிடிக்கப்பட்டு மருந்து தொடங்குவதற்கு முன்பு கழிந்த நாள்களே அபாயம் மிகுந்த நாள்கள்.

இந்த விடை நாட்டின் கொள்கையை மாற்றியது. குடும்பத்தலைவன் மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க, மனைவி மக்கள் வருவாயின்றித் தவிக்க வேண்டிய கட்டாயம் நீங்கிற்று. 1959-இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தோன்றியது. அதன் ஆராய்ச்சியாளர்கள் துமகூரு மாவட்டத்துக் கிராமங்களுக்குச் சென்று, நோய்க்குறி உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தனர். கிராமத்தார் அறியாமையால் மருத்துவரை நாடுவதில்லை என்பதே அக்காலத்தில் பலரும் கூறிவந்த கருத்து. 1963-இல் வெளியான முடிவோ, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவ நிலையங்களின் வாயிலை மிதித்தவர்களே என்று காட்டியது. குறை நாடி வந்தவர்களிடத்தில் இல்லை. வந்தவரின் சளியைச் சோதிக்காமல் அனுப்பிவிட்ட நிலையங்களில் இருந்தது. சாதாரண மருத்துவ நிலையங்களிலேயே நோயைக் கண்டறிந்து, வீட்டிலேயே மருந்து உண்ணச் செய்யும் தேசியத் திட்டம் 1962-இல் உருவானது.

இனி, நான் சிறப்பாகச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். சென்னை ஆராய்ச்சியைப் படித்துவிட்டு, “ஆகவே காசநோய்க்கு உணவு ஒரு பொருட்டன்று” என்று எவரேனும் கூறினால், அவர் விடையைப் படித்தாரேயன்றி வினாவைப் படிக்கவில்லை. அங்கே கேட்கப்பட்ட வினா, தக்க மருந்து உண்பவர் குணமடைய நல்ல உணவும் ஓய்வும் கட்டாயம் வேண்டுமா என்பதே. உணவின்மையால் நோய் வருகிறதா, உணவு கொடுத்தால் வராமல் தடுக்கலாமா என்பவை வேறு வினாக்கள். அவற்றை அந்த ஆராய்ச்சி கேட்கவே இல்லை.

அவ்வினாவும் பின்னர் முறையாகக் கேட்கப்பட்டது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன், 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள்கள் அளிக்கப்பட்டன. குடும்பத்தாருள் ஒரு பிரிவினருக்கு மட்டும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கூடுதலாக அளிக்கப்பட்டன. 2023-இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது ஏறத்தாழ 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் முதல் இரு மாதங்களில் உடல் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பு குறைந்திருந்ததும் தெரியவந்தது. நோயாளிகளின் உணவுக்காக இந்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிவந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஒரு பிடி அரிசியும் பருப்பும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதற்கு இப்போது அரசின் கையில் சான்று இருக்கிறது.

வீட்டுச் சிகிச்சையால் ஒரு புதிய பொறுப்பும் பிறந்தது. உடல் தேறியதும் மருந்தை நிறுத்திவிடுவது மனித இயல்பு. சானடோரியத்தில் அதைக் கண்காணிக்கச் செவிலியர் இருந்தார். வீட்டில் யார் இருக்கிறார்? இதற்கும் சென்னை மையமே வழிதேடியது. ஒருவர் நேரில் பார்த்திருக்க வாரம் இருமுறை மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து, அதன் பயனை 1964-இல் வெளியிட்டது. பின்னாளில் உலக நாடுகள் பலவும் கைக்கொண்ட கண்காணிப்புச் சிகிச்சைக்கு அது ஒரு முன்னோடி. அம்மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் அதே சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் மருத்துவராகவும், சிலர் அதிகாரியாகவும், சிலர் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்குவீர்கள். எல்லோருமே வாக்காளராக இருப்பீர்கள். ஒரு திட்டத்தை ‘ஆராய்ச்சி நிரூபித்துவிட்டது’ என்று எவரேனும் உங்கள்முன் கூறும்போது, ஆராய்ச்சியில் கேட்கப்பட்ட வினா யாது, யாரோடு யாரை ஒப்பிட்டார்கள், எத்தனை காலம் கவனித்தார்கள் என்று பணிவோடு கேளுங்கள். அந்த வினாவில் ஏழையின் அடுப்பங்கரை இடம்பெற்றிருந்ததா என்பதையும் கேளுங்கள். அன்று மருந்துண்டு, முன்பின் அறியாத நமக்காகத் தங்கள் உடலையே சான்றாக அளித்த அந்த 193 பேருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.